கேத்தி ஸ்டேஷன் முதல் தேயிலைத் தோட்டம் வரை: கேமரா எங்கே நிற்குதுங்கிறது ஏன் முக்கியம்?

குன்னூருக்கும் ஊட்டிக்கும் நடுவில் இருக்கிறது கேத்தி. மலை ரயில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் கிளம்பும் சின்ன ஸ்டேஷன். 1982-ல் வெளியான ‘மூன்றாம் பிறை’ படத்தின் கிளைமாக்ஸ் எடுக்கப்பட்டது இங்கேதான். உடம்பெல்லாம் சேறு, அடிபட்ட கால், கொட்டுற மழை. ஜன்னலுக்கு வெளியே குரங்கு வித்தை காட்டிக்கொண்டு ஓடி வருகிறான் சீனு. ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்திருக்கும் விஜிக்கு அவன் யாரென்றே தெரியவில்லை.

அந்தக் காட்சியை டிவியில் எத்தனை தடவை போட்டாலும் சேனல் மாற்றாமல் பார்க்கிறவங்க இருக்காங்க. கமல்ஹாசன், ஸ்ரீதேவி நடிப்பும் இளையராஜாவின் இசையும் அதற்குக் காரணம்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா இன்னொரு காரணத்தைப் பெரும்பாலும் யாரும் பேசுறதில்லை. கேமரா எந்தப் பக்கம், எந்த உயரத்தில், எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பதுதான் அது.

சினிமாவுக்கு மட்டும் பொருந்துகிற விஷயம் இல்லை இது. டிவி செய்தி, ரீல்ஸ், வாட்ஸ்அப்பில் வரும் வீடியோ என எல்லாத்துக்கும் அடிப்படை இதுதான். தமிழ் சினிமா அதிகமாகப் படம்பிடித்த மலையான நீலகிரியை வைத்தே இதைப் புரிஞ்சுக்கலாம்.

ஷாட் வேற, ஆங்கிள் வேற

இந்த இரண்டு வார்த்தையையும் பலரும் ஒன்றாகவே பயன்படுத்துகிறார்கள். ஷாட்டின் அளவு என்பது ஃபிரேமுக்குள் ஆள் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறார் என்பது. ஆங்கிள் என்பது கேமரா எந்த உயரத்தில், எந்தப் பக்கம் இருந்து பார்க்கிறது என்பது.

குன்னூர் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே ஒரு பெண் கொழுந்து பறிக்கிறார்னு வைத்துக்கொள்வோம். மலைச்சரிவு முழுக்கத் தெரிந்து, அவர் ஒரு புள்ளியாக மட்டும் இருந்தால் அது எக்ஸ்ட்ரீம் லாங் ஷாட். தலை முதல் கால் வரை தெரிந்தால் லாங் ஷாட் அல்லது ஃபுல் ஷாட். இடுப்புக்கு மேலே தெரிந்தால் மிட் ஷாட். முகம் மட்டும்னா குளோசப். கொழுந்து கிள்ளுகிற விரல் நுனி மட்டும் திரை முழுக்க வந்தால் எக்ஸ்ட்ரீம் குளோசப்.

இனி ஆங்கிள். அவர் கண் உயரத்திலேயே கேமரா இருந்தால் ஐ லெவல். கீழே இருந்து மேலே பார்த்தால் லோ ஆங்கிள். நம்ம ஊர் ஹீரோ இன்ட்ரோவில் முதலில் ஷூ, அப்புறம் வேட்டி, கடைசியாக முகம் என்று ஏறுமே, அந்த வகை. மேலே இருந்து கீழே பார்த்தால் ஹை ஆங்கிள். நேராகத் தலைக்கு மேலே இருந்து பார்த்தால் டாப் ஆங்கிள். வேண்டுமென்றே கேமராவைச் சாய்த்து எடுத்தால் டச் ஆங்கிள்.

லோ ஆங்கிள் என்றால் பலம், ஹை ஆங்கிள் என்றால் பலவீனம் என்று சினிமா வகுப்புகளில் முதல் நாள் சொல்லித் தருவார்கள். பாதி உண்மைதான். மலையில் இந்த விதி சீக்கிரமே உடைந்துவிடும். ஏன்னா அங்கே தரையே சாய்வு. சரிவில் மேலே நிற்கிற ஆளைக் கீழே நிற்கிற ஆள் பார்த்தாலே அது லோ ஆங்கிள்தான். கிரேன் இல்லாமலே ஹை ஆங்கிள் கிடைக்கும். டால்பின் நோஸ் பாயின்ட்டில் நின்று செல்போனை நீட்டினால் போதும்.

ஜன்னலுக்கு உள்ளேயா, வெளியேயா?

‘மூன்றாம் பிறை’யின் இயக்குநர் பாலு மகேந்திராதான் படத்தின் ஒளிப்பதிவாளரும். இலங்கையின் மட்டக்களப்பு பகுதியில் பிறந்து, புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்தவர். ‘கோகிலா’ என்ற கன்னடப் படத்துக்காக ஏற்கனவே ஒளிப்பதிவுக்கான தேசிய விருது வாங்கியிருந்தார். ‘மூன்றாம் பிறை’க்காக மறுபடியும் அதே விருது கிடைத்தது. கமலுக்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருதைக் கொடுத்ததும் இந்தப் படம்தான்.

கதை தெரிந்ததுதான். விபத்தில் பழைய நினைவு போய், மனதளவில் குழந்தையாகிவிட்ட விஜியை பள்ளி ஆசிரியர் சீனு கேத்திக்குக் கூட்டி வந்து பார்த்துக்கொள்கிறார். சிகிச்சையில் அவளுக்கு நினைவு திரும்புகிறது. ஆனால் நடுவில் சீனுவோடு இருந்த காலம் மொத்தமும் அழிந்துபோகிறது. பெற்றோரோடு ரயில் ஏறிவிடுகிறாள்.

இந்தக் காட்சியை எடுக்க ஒரு இயக்குநருக்கு மூன்று வழி இருக்கு.

ஒண்ணு, கேமரா முழுக்க ரயிலுக்குள்ளேயே இருப்பது. அப்போது நாம் விஜியின் பக்கம். வெளியே சேறும் ரத்தமுமாக யாரோ ஒருவர் கோமாளித்தனம் பண்ணுகிறார். பயம் வரும், கொஞ்சம் பரிதாபம் வரும். அவ்வளவுதான்.

இரண்டாவது, கேமரா முழுக்கப் பிளாட்பாரத்திலேயே இருப்பது. அப்போது நாம் சீனுவின் பக்கம். அவள் ஏன் இப்படிக் கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறாள் என்று நமக்குக் கோபம் வந்துவிடும்.

பாலு மகேந்திரா எடுத்தது மூன்றாவது வழி. காட்சி இரண்டு பக்கமும் மாறி மாறிப் போகிறது. அவன் கண்ணால் அவளைப் பார்க்கிறோம், அவள் பக்கம் இருந்து அவனைப் பார்க்கிறோம். ஒருவர் எதிரே இருப்பவரைப் பார்ப்பது போலவே கேமராவும் பார்த்தால், அதற்குப் பெயர் பாயின்ட் ஆஃப் வியூ ஷாட். செட்டில் சுருக்கமா பி.ஓ.வி. என்பார்கள். இங்கே அந்த இரண்டு பார்வைக்கும் நடுவில் மாட்டிக்கொள்வது பார்வையாளர்தான். அவன் யாருன்னு நமக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாதுன்னும் நமக்குத் தெரியும். தப்பு யார் மேலும் இல்லை. பிச்சைக்காரன் என்று நினைத்து அவள் சாப்பாட்டைத் தருகிற இடத்தில் நம்மால் அவளைத் திட்டவும் முடியவில்லை, அவனைக் கூப்பிட்டு நிறுத்தவும் முடியவில்லை.

ஜன்னல் என்பதே ஃபிரேமுக்குள் ஒரு ஃபிரேம். உள்ளே இருப்பவர்கள் காய்ந்த உடையோடு, உட்கார்ந்தபடி, குடும்பத்தோடு இருக்கிறார்கள். வெளியே இருப்பவன் நனைந்தபடி, ஓடியபடி, தனியாக. இரண்டு உலகத்துக்கும் நடுவில் இருப்பது ஒரு மரச்சட்டம் மட்டும்தான். இது விமான நிலையமாகவோ எக்ஸ்பிரஸ் ரயிலாகவோ இருந்திருந்தால் காட்சி பத்து நொடியில் முடிந்திருக்கும். மேட்டுப்பாளையத்தில் இருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டர் ஏற ஏறக்குறைய ஐந்து மணி நேரம் எடுத்துக்கொள்ளும் ரயில் இது. கால் அடிபட்டவனும் கூடவே ஓடலாம், ஜன்னலை எட்டிப் பார்க்கலாம். இடத்தைச் சரியாகத் தேர்ந்தெடுத்ததிலேயே பாதி ஷாட் முடிவாகிவிட்டது.

ரயில் போன பிறகு மிஞ்சுவது ஸ்டேஷனும் அவனும்தான். குளோசப்பில் நாம் அழுகையைப் பார்ப்போம். தூரத்து ஷாட்டில் அந்த ஆளைச் சுற்றி எவ்வளவு இடம் காலியாக இருக்கிறது என்பதைப் பார்ப்போம். தனிமையைக் காட்ட முகத்தைவிட காலி இடம்தான் அதிகம் உதவும்.

ஒரு சின்னத் தகவல். அந்தக் காலத்தில் ஷாட் வைப்பது காசு சமாச்சாரம். ஒவ்வொரு அடி ஃபிலிமுக்கும் கணக்கு உண்டு, இப்போது மாதிரி எடுத்துவிட்டு டெலிட் பண்ண முடியாது. இந்தியாவின் அரசு ஃபிலிம் தொழிற்சாலை இருந்ததும் ஊட்டியில்தான். 1960-ல் தொடங்கப்பட்ட ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் நிறுவனம், 1967-ல் இருந்து ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிமும் எக்ஸ்ரே ஃபிலிமும் தயாரித்தது. தொழிற்சாலை மூடிவிட்டாலும் அந்தப் பகுதிக்கு இன்றும் இந்து நகர் என்றுதான் பெயர்.

ரயில் மேலே கேமரா ஏறினால்?

‘மூன்றாம் பிறை’யில் ரயில் பிரிவுக்கு உதவியது. 16 வருடம் கழித்து அதே மலை ரயில் கொண்டாட்டத்துக்கு வந்தது. 1998-ல் மணிரத்னம் இயக்கிய ‘தில் சே’ படத்தின் ‘சைய்ய சைய்யா’ பாட்டு. தமிழில் ‘உயிரே’ படத்தின் ‘தைய்யா தைய்யா’. ஷாருக் கான், மலாய்கா அரோரா, கூடவே ஒரு கூட்டமே ஓடுகிற ரயிலின் கூரை மேல் ஆடியது. நடனம் ஃபரா கான். ஒளிப்பதிவு செய்த சந்தோஷ் சிவனுக்கு இந்தப் படத்துக்காகத் தேசிய விருது கிடைத்தது.

இதைப் பார்க்கும்போது ஒரு விஷயத்தைக் கவனியுங்க. கேமராவும் அதே ரயிலில் இருந்தால், ஆடுகிறவர் ஃபிரேமில் அப்படியே இருப்பார், பின்னால் மலை ஓடும். கேமரா எதிர்மலையில் இருந்தால் மலை அசையாது, ரயில் மட்டும் ஊர்ந்து போகும். முதல் வகையில் நாமும் கூரை மேல் இருக்கிற மாதிரி வயிற்றைக் கலக்கும். இரண்டாவதில் ‘அடேங்கப்பா, எவ்வளவு உயரம்’ என்று தோன்றும். இரண்டையும் வெட்டி வெட்டிச் சேர்த்தால்தான் வேகமும் ஆபத்தும் ஒன்றாக வரும்.

இந்தப் பாதையில் 208 வளைவு, 16 சுரங்கம், 250 பாலம் இருக்கிறது. வளைவு என்றால் ஒளிப்பதிவாளருக்குக் கொண்டாட்டம். ரயில் வளையும்போது பின்பெட்டியில் இருக்கும் கேமராவுக்கு முன்பெட்டியின் பக்கவாட்டு முழுக்கத் தெரியும். கேமராவை நகர்த்தவே வேண்டாம், ரயிலே ஆங்கிளை மாற்றிக் கொடுத்துவிடும். இன்னொன்று, கல்லாறு–குன்னூர் பல்சக்கரப் பாதையில் நீராவி இன்ஜின் பெட்டிகளைப் பின்னால் இருந்துதான் தள்ளும். அதனால் மேலே ஏறும்போது முதல் பெட்டிக்கு முன்னால் இன்ஜின் கிடையாது, பாதை அப்படியே திறந்து கிடக்கும். 1984-ல் ‘எ பாஸேஜ் டு இந்தியா’ படத்துக்காக டேவிட் லீன் இந்த ரயிலைத் தேடி வந்ததில் ஆச்சரியமே இல்லை.

இதே பாதையில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. செங்குத்தான இடங்களில் 12 அடிக்கு ஓரடி என்ற கணக்கில் ஏற்றம். அதாவது கிட்டத்தட்ட 5 டிகிரி சாய்வு. பெட்டியின் தரைக்கு நேராகச் செல்போனைப் பிடித்தால் வெளியே இருக்கும் மரமும் வீடும் சாய்ந்து தெரியும். மரத்துக்கு நேராகப் பிடித்தால் பெட்டியும் அதில் இருப்பவர்களும் சாய்ந்துவிடுவார்கள். டச் ஆங்கிள் தானாகவே வந்துவிடும். எதை நேராக வைப்பது என்று முடிவு பண்ண வேண்டியது எடுக்கிறவர்தான்.

பாட்டைப் பார்த்துவிட்டு யாராவது ரீல்ஸுக்காக ஏறிவிடப் போறாங்க என்பதால் இதையும் சொல்லிவிடலாம். ரயில் கூரையிலோ படியிலோ பயணம் செய்வது 1989-ம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 156-வது பிரிவின்படி குற்றம். மூன்று மாதம் வரை சிறை கிடைக்கலாம். அனுமதி இல்லாமல் தண்டவாளத்தில் இறங்கி போட்டோ எடுத்தால் 147-வது பிரிவு பாயும். அதில் ஆறு மாதம் வரை சிறை.

யானை பக்கத்தில் இருக்கா, தூரத்தில் இருக்கா?

ஆங்கிளைவிட ஆளை ஏமாற்றுவது லென்ஸ். டெலி லென்ஸ் தூரத்தில் இருப்பதை இழுத்துக் கொண்டுவரும். கூடவே இன்னொரு வேலையும் செய்யும். முன்னால் இருப்பதையும் பின்னால் இருப்பதையும் ஒட்டிவைத்த மாதிரி காட்டும். தொட்டபெட்டா பக்கம் இருந்து எடுத்த படங்களில் மலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நீலப் போர்வை மடித்து வைத்த மாதிரி தெரிவதற்கு பனிமூட்டத்தோடு இந்த லென்ஸும் காரணம். வைட் ஆங்கிள் லென்ஸ் இதற்கு நேர் எதிர். பக்கத்தில் இருப்பது பெரிதாகும், தூரத்தில் இருப்பது சுருங்கி இன்னும் தள்ளிப் போய்விடும். உங்கள் போனில் 0.5 என்று இருப்பது வைட் ஆங்கிள். 3, 5 என்று இருப்பது டெலி பக்கம்.

இது அழகு சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் இல்லை. முதுமலை, மசினகுடி ரோட்டில் காரும் யானையும் உரசிக்கொண்டு நிற்பது போல ஒரு வீடியோ வரும். டெலி லென்ஸில் எடுத்திருந்தால் இரண்டுக்கும் நடுவில் நிஜத்தில் நல்ல இடைவெளி இருந்திருக்கலாம். அதைப் பார்த்து ‘இவ்வளவு பக்கத்தில் நின்றும் ஒண்ணும் பண்ணலையே’ என்று நினைக்கிற சுற்றுலாப் பயணி, வண்டியை நிறுத்தி சாதாரண போனை எடுக்கிறார். அதில் இருப்பதோ வைட் லென்ஸ். திரையில் யானை சின்னதாக, தூரத்தில் இருப்பது போலத் தெரிகிறது. இன்னும் நாலு அடி முன்னால் போகிறார். திரை சொல்கிற தூரம் பொய். யானைக்குத் தெரிகிற தூரம்தான் நிஜம். புலிகள் காப்பகச் சாலையில் வண்டியை நிறுத்தக் கூடாது, கீழே இறங்கக் கூடாது என்று வனத்துறை எழுதி வைத்திருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அதே காட்டில், தெப்பக்காடு யானைகள் முகாமில் எடுக்கப்பட்டதுதான் ‘தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்’. கார்த்திகி கொன்சால்வ்ஸ் இயக்கி, 2023-ல் ஆஸ்கர் வாங்கிய ஆவணக் குறும்படம். பொம்மன், பெள்ளி தம்பதியும் அவர்கள் வளர்த்த குட்டி யானைகளும் அவ்வளவு நெருக்கத்தில் தெரிவது, பல ஆண்டுகள் கூடவே இருந்து படம்பிடித்ததால் வந்தது. ஒரு நாள் டூர் போய் எடுத்துவிடக்கூடிய குளோசப் அல்ல அது.

செய்திகளுக்கு வருவோம். ஊட்டி சீசன் நேரத்தில் டிராஃபிக் ஜாம் வீடியோ பார்த்திருப்பீங்க. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்ததற்குக் காரணமே அந்தக் கூட்டம்தான். பிரச்சினை நிஜம். ஆனால் ரோட்டின் ஒரு முனையில் நின்று டெலி லென்ஸில் எடுத்தால் பத்து கார்கூட ஒன்றோடொன்று ஒட்டி நிற்கிற மாதிரி இருக்கும். அதே ரோட்டை மேலே இருந்து எடுத்தால் இடைவெளி தெரியும். அரசியல் கூட்டமும் அப்படித்தான். ஆள் நிறைய வந்தாங்க என்று காட்ட ஒரு ஆங்கிள், வரலை என்று காட்ட இன்னொரு ஆங்கிள். இரண்டு வீடியோவிலும் எடிட்டிங் மோசடி எதுவும் இருக்காது.

பச்சைக் கம்பளமும் அதில் ஒரு புள்ளியும்

இப்போது அந்தத் தேயிலைத் தோட்டப் பெண்ணிடம் திரும்பலாம்.

ட்ரோன் வந்த பிறகு நீலகிரி என்றாலே டாப் ஆங்கிள்தான். வளைந்து வளைந்து போகும் பாத்திகள், நடுவில் மஞ்சள், சிவப்புப் புள்ளிகள். பார்க்க அவ்வளவு அழகு. அந்தப் புள்ளிகள்தான் தொழிலாளர்கள். அந்த உயரத்தில் அவர்களுக்கு முகம் கிடையாது, வயது கிடையாது, முதுகில் இருக்கும் மூட்டைக்கு எடையும் கிடையாது. சரிவு எவ்வளவு செங்குத்து என்பதுகூடத் தெரியாது. நேர் மேலே இருந்து பார்த்தால் எல்லா மலையும் தட்டையாகிவிடும்.

கேமராவை அவர்கள் இடுப்பு உயரத்துக்கு இறக்கினால் வேறு படம் வரும். ஈரம் படாமல் இருக்க இடுப்பில் கட்டிய பிளாஸ்டிக் தாள், சரிவில் ஊன்றி நிற்கும் கால், செடிக்கு மேலே ஓயாமல் ஓடும் கை. கூடலூர், பந்தலூர் பக்கம் இருக்கும் அரசுத் தோட்டங்களில் வேலை பார்க்கிறவர்களில் பலர், 1964-ல் இந்தியாவும் இலங்கையும் போட்ட ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பியவர்களின் குடும்பத்தினர். அவர்களுக்கு வேலை கொடுக்கவே தொடங்கப்பட்டது டான்டீ எனப்படும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம். தலைமுறைகளாக அவர்கள் போராடுவது கூலிக்கும் வீட்டுக்கும். டாப் ஆங்கிளில் அந்தக் கதை எதுவும் வராது.

ட்ரோன் ஷாட்டே தப்பு என்று சொல்ல முடியாது. நிலச்சரிவு வந்தால் எத்தனை வீடு போனது, ரோடு எங்கே அறுந்தது என்பதை ஐ லெவலில் காட்ட முடியாது. அதற்கு மேலே போய்த்தான் ஆகணும். காட்டிவிட்டுக் கீழே இறங்காமல் விடுவதுதான் குறை. கூடவே ஒரு எச்சரிக்கை: முதுமலை புலிகள் காப்பகத்தில் அனுமதி இல்லாமல் ட்ரோன் பறக்கவிடக் கூடாது. வெலிங்டன் ராணுவ மையம், அரவங்காடு வெடிமருந்து தொழிற்சாலை பக்கமும் வாலாட்டாமல் இருப்பது நல்லது.

குன்னூர் எப்படி காஷ்மீர் ஆச்சு?

1992-ல் வந்த ‘ரோஜா’. காஷ்மீரில் நடக்கிற கதை, ஆனால் அன்றைய சூழலில் அங்கே போய் எடுக்க முடியாத நிலை. அதனால் குன்னூர், ஊட்டி, மணாலி என்று பல மலைகளில் எடுத்துச் சேர்த்தார்கள். இங்கே உதவியது ஷாட்டின் அளவு. மிட் ஷாட்டிலும் குளோசப்பிலும் பின்னால் தெரிவது மரமும் பனிமூட்டமும்தான், அது எந்த ஊர் மரமாக வேண்டுமானாலும் இருக்கலாம். வைட் ஷாட் போட்டால்தான் தேயிலைத் தோட்டமும் யூகலிப்டஸும் தலைகாட்டி, இது நம்ம ஊட்டிதானே என்று காட்டிக்கொடுத்துவிடும். ஓர் இடத்தின் அடையாள அட்டை வைட் ஷாட்டில்தான் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் ‘ஊட்டியில் நேற்று நடந்த சம்பவம்’ என்று வரும் வீடியோவில் வைட் ஷாட்டே இல்லை என்றால், பார்வர்டு பண்ணும் முன்னால் கொஞ்சம் யோசிக்கலாம்.

பாலு மகேந்திரா அடுத்த ஆண்டே, 1983-ல், ‘மூன்றாம் பிறை’யை ‘சத்மா’ என்று இந்தியில் எடுத்தார். அதே கமல், அதே ஸ்ரீதேவி. இரண்டு கிளைமாக்ஸையும் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு அடுத்தடுத்துப் பாருங்க. ஒவ்வொரு கட்டிலும் கேமரா ஜன்னலுக்கு உள்ளே இருக்கா, வெளியே இருக்கா என்று மட்டும் எண்ணிக்கொண்டே வாங்க.